நாயும் பூனையும்

தீராப் பகைக்கு உவமை தேடுவோர் கீரியையும் பாம்பையும் சொல்வர். எலியையும் பூனையையும் சொல்வர். நாயையும் பூனையையும் சொல்வர். இவற்றுள் கடைசி இணை நம் வீட்டிலேயே வாழ்வது. நாய் வாயிலைக் காக்கிறது. பூனை நெற்குதிரைக் காக்கிறது. இரண்டிற்கும் நாமே சோறிடுகிறோம். அங்ஙனமிருக்க, ஒன்றையொன்று கண்டவுடன் அவை ஏன் சீற வேண்டும்? அப்பகை பிறவியில் வந்ததா, பழக்கத்தில் வந்ததா?

மாணவ நண்பர்களே, முதலில் என் பிழை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் பாகூர் ஏரிப் பாசனத்தைச் சார்ந்த ஒரு சிற்றூர். புதுவையின் நெற்களஞ்சியம் என்று பாகூரைக் கூறுவர். நெல் மிகுந்த இடத்தில் எலியும் மிகும். நான் கல்லூரியில் பயின்ற காலத்தில், எலித்தொல்லை பொறுக்கமாட்டாமல் அண்டை வீட்டிலிருந்து பூனைக்குட்டி ஒன்றைக் கொண்டுவந்தேன். எங்கள் வீட்டில் முன்னரே மணி என்னும் நாய் இருந்தது. பார்த்தால் பழகிவிடும் என்றெண்ணி, குட்டியைக் கையில் இறுகப் பிடித்து மணியின் முகத்தருகே நீட்டினேன். குட்டி அதன் மூக்கைப் பிறாண்டியது; மணி பாய்ந்தது; குட்டி என் கையை உதறிக்கொண்டு வேலியைத் தாண்டி ஓடியது. அன்று ஐப்பசி மாதத்து அடைமழை. இரவெல்லாம் விளக்கேந்தித் தேடினேன். அது திரும்பவே இல்லை. சினம் தாளாமல் மணியை அடித்தேன். அதைக் கண்ட என் பாட்டியார், “அடி வாங்க வேண்டியது நாய் இல்லையடா!” என்றார்.

பாட்டியார் சொன்னது எத்துணை உண்மை என்பதைப் பின்னர்ப் படித்தறிந்தேன். சீன நாட்டு உளவியல் அறிஞர் குவோ என்பவர் 1930-ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார். எலியைக் கொல்லும் தாயோடு வளர்ந்த 21 பூனைக்குட்டிகளில் 18 குட்டிகள் எலியைக் கொன்றன. ஆனால், இளமை முதல் எலியோடு ஒரே கூண்டில் வளர்ந்த 18 குட்டிகளில் 3 மட்டுமே அவ்வாறு கொன்றன. எலியிடத்திலேயே இஃது இயலுமாயின், நாயிடத்தில் இயலாதா? இஸ்ரேல் நாட்டு டெல் அவீவ் பல்கலைக்கழகத்தார் நாயும் பூனையும் ஒருங்கே வாழும் வீடுகளை ஆராய்ந்து 2008-இல் முடிவு கண்டனர். பூனை ஆறு மாதத்திற்குள்ளும் நாய் ஓராண்டிற்குள்ளும் இருக்கும்போது அறிமுகம் செய்தால் இணக்கம் எளிதில் உண்டாகிறது என்பது அவர்கள் கண்டது.

தொல்காப்பியர் மரபியலில் நாயின் இளமைக்குக் குருளை என்றும், பூனையின் இளமைக்குக் குட்டி என்றும் பெயர் வகுத்தார். பெயர் வேறானது போலவே அவற்றின் மொழியும் வேறு. நாய் வாலை ஆட்டினால் பெரும்பாலும் மகிழ்ச்சி. பூனை வாலை அடித்து வீசினால் சினம். நாய் மல்லாந்து படுத்தால் பணிவு. பூனை மல்லாந்தால் நான்கு கால் நகங்களும் போருக்கு ஆயத்தம். ‘வா’ என்று ஒன்று சொல்வதை ‘போ’ என்று மற்றொன்று பொருள்கொள்ளுமானால், சண்டை வராமல் என் செய்யும்? ஒன்றின் மொழியை மற்றொன்று கற்கும்வரை நாம் காலம் கொடுத்தல் வேண்டும்.

மறு ஆண்டு தை அறுவடைக்குப் பின் இரண்டாம் முறை ஒரு குட்டியைக் கொண்டுவந்தோம். தாயை விட்டுப் பிரிக்கக் குறைந்தது எட்டு வாரமாவது ஆக வேண்டுமென்று பாட்டியார் காத்திருக்கச் செய்தார். வந்ததும் அதனைத் தனி அறையில் விட்டோம். குட்டி படுத்த சாக்கை மணியின் அருகிலும், மணி படுத்த சாக்கைக் குட்டியின் அருகிலும் போட்டோம். கண் காணுமுன் மூக்கு அறிந்துகொண்டது. பிறகு, சாத்திய கதவுக்கு இப்புறம் ஒன்றற்கும் அப்புறம் மற்றொன்றற்கும் சோறு வைத்தோம். மற்றதன் மணம் வந்தால் உணவும் வரும் என்பதை இரண்டும் கற்றன.

ஒரு வாரம் கழிந்தபின், மணியை நெடுந்தூரம் நடத்தி, வயிறார உணவிட்டு, கயிற்றில் பிடித்துக்கொண்டு கதவைத் திறந்தோம். இம்முறை குட்டியை யாரும் கையில் எடுக்கவில்லை. அஞ்சினால் ஏறிக்கொள்ளப் பரணுக்கு வழி விட்டிருந்தோம். மணி உடல் விறைத்து உற்றுப் பார்த்தபோதெல்லாம் அதட்டாமல் அப்பால் அழைத்துச் சென்றோம். அமைதியாக அமர்ந்தபோதெல்லாம் ஒரு துண்டு கருவாடு கொடுத்தோம். அடித்தால், அந்த வலிக்கும் பூனையே காரணம் என்று நாய் எண்ணிவிடும். உணவுத் தட்டுகளை எட்ட எட்ட வைத்தோம். வீட்டில் ஆளில்லாதபோது இரண்டையும் தனித்தனியே பிரித்து வைத்தோம்.

வெறிநோய்த் தடுப்பூசியை இரண்டிற்கும் போடுதல் இன்றியமையாதது. பூனைக்கும் அந்நோய் வரும். பூனைக் கடியாலும் அது மனிதருக்குப் பரவும். வில்லியனூர்ப் பக்கத்தார்க்குக் குரும்பாபட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். வேட்டையில் பழகிய சில நாய்கள், எவ்வளவு முயன்றாலும் ஓடுவதைத் துரத்துவதை விடா. அவ்விடத்தில் இரண்டையும் சேர்க்க முயலாமல் பிரித்து வளர்ப்பதே கருணை.

மூன்றாம் வாரத்தில் ஒருநாள், குட்டி தானாகவே பரணிலிருந்து இறங்கி வந்தது. மணி தலையைத் தாழ்த்தியது. இரண்டும் மூக்கோடு மூக்கு முகர்ந்தன. பிறகு குட்டி ஒன்றும் நடவாதது போல அமர்ந்து, தன் காலை நக்கத் தொடங்கியது. அவ்வாண்டு மழைக்காலத்தில், திண்ணையில் மணியின் வயிற்றோடு ஒட்டி அது உறங்குவதைப் பல இரவுகள் கண்டேன். காணுந்தோறும், முந்திய ஐப்பசியில் மழையில் ஓடிய குட்டியும் என் நினைவுக்கு வரும். மூன்று வாரம் பொறுத்திருந்தால் அதுவும் அத்திண்ணையில் உறங்கியிருக்கும்.