காணி யாருக்குச் சொந்தம்? ஓர் ஆங்கிலச் சொல்லும் நாமும்



ஊர் திரும்பும் உங்கள் கைக்கு வரும் படிவங்களிற் சில ஆங்கிலத்தில் இருக்கும். அவற்றில் அடிக்கடி வரும் ஒரு தொடர் 'பிலோங்ஸ் டு'. 'சொந்தம்', 'உரியது' என்பது அதன் பொருள்.

'திஸ் லாண்ட் பிலோங்ஸ் டு மை மதர்' என்றால், 'இந்தக் காணி என் அம்மாவுக்குச் சொந்தம்'. உரியவரின் பெயர் 'டு' என்பதற்குப் பின்னால் வரும். சிலர் 'இஸ் பிலோங்ஸ் டு' என்று எழுதுவார்கள். அது இலக்கணப் பிழைதான். ஆனால் பொருள் கெடாது, பயப்பட வேண்டாம்.

பொருளைக் கெடுப்பது வேறொன்று. 'பிலோங்ட் டு' என்று இறந்தகாலத்தில் எழுதினால், 'முன்பு சொந்தமாக இருந்தது, இப்போது இல்லை' என்று வாசிப்பவர் எடுத்துக்கொள்ளலாம். இடம்பெயர்ந்த நாங்கள் 'எங்களுக்கு ஒரு வீடு இருந்தது' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். என் அப்பாவும் அப்படித்தான் சொல்லுவார். கூரையும் வேலியும் போயிருக்கலாம். இடம்பெயர்ந்த காரணத்தால் மட்டும் உரித்துப் போய்விடாது. உறுதி உங்கள் பெயரில் இருந்தால் 'பிலோங்ஸ்' என்றே எழுதுங்கள். உறுதி தொலைந்திருந்தால், காணிப் பதிவகத்தில் பிரதி கேட்டு விண்ணப்பியுங்கள்.

உறுதி காலமானவரின் பெயரில் உள்ளதா? அந்தப் பெயரையே எழுதி, அவர் காலமானதையும் உரித்தாளர்கள் யார் என்பதையும் சேர்த்துக் குறிப்பிடுங்கள்.

1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் பெற்றவர்கள் கவனியுங்கள்: அந்தக் காணி அரசுக்குரியது, நீங்கள் அனுமதிப்பத்திரதாரர். அதை அப்படியே எழுதுங்கள். எழுதுவதும் பத்திரமும் ஒத்திருந்தால்தான் வேலை இழுபடாது.

இதே சொல் மனிதருக்கும் வரும். 'ஐ பிலோங் டு திஸ் வில்லேஜ்' என்றால், 'நான் இந்த ஊரைச் சேர்ந்தவர்'. இதைச் சொல்ல உறுதி வேண்டாம். முகாமில் பிறந்து, ஊரை இப்போதுதான் பார்க்கப்போகும் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள்.

கடைசியாக ஒன்று. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தின்படி தமிழும் அரசகரும மொழி. பிரதேச செயலகத்துக்குத் தமிழிலேயே எழுதலாம். விளங்காத படிவத்தில் ஒப்பம் வைக்காதீர்கள். 'வாசித்து விளக்குங்கோ' என்று கேளுங்கள். எங்களிடமும் கேட்கலாம்.