நடுக்கம் மட்டுமன்று



பாட்டும் நாடகமும் காண வந்திருக்கும் உங்கள் முன் ஒரு நோயைப் பற்றிப் பேசுவது பொருத்தமோ என்று தயங்கினேன். நான் மருத்துவனும் அல்லன். ஆயினும் பேசியே ஆகவேண்டும் என்று என்னை ஏவியவர் என் தமையனார். நம் சங்கத்தின் சந்தாக் கணக்கைப் பல்லாண்டுகள் எழுதியவர். இதோ மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கிறார். அவர் இசைவு பெற்றே சொல்கிறேன்.

சங்க அலமாரியிலுள்ள 2013-ஆம் ஆண்டுக் கணக்கேட்டைப் புரட்டிப் பாருங்கள். சித்திரையில் முத்து முத்தாக நிற்கும் எழுத்து, ஐப்பசியில் கடுகளவாகி, மார்கழியில் எறும்பு ஊர்ந்த தடம் போலாகியிருக்கும். "தாளை மிச்சம் பிடிக்கிறீர்களோ?" என்று கேலி செய்தவர்களுள் நானும் ஒருவன். கை நடுங்கவில்லை, ஆகவே ஒருவர்க்கும் ஐயம் எழவில்லை. காப்பியின் மணமே தெரியவில்லை என்று அதற்கு முன்பே அண்ணியாரிடம் சொல்லி வந்தார். மூக்கடைப்பு என்று விட்டுவிட்டோம். பிறகு முகம் இறுகியது. பேரன் மடியில் ஏறினாலும் சிரிப்பில்லை. பெரியவர்க்குக் கர்வம் வந்துவிட்டது என்று சிலர் பேசினர். ஒருநாள் டைமண்ட் ஹார்பர் சாலையோரம், கால் தரையில் ஒட்டிக்கொண்டாற்போல் நின்றுவிட்டார். 'மாத்தால்' என்று முணுமுணுத்துக்கொண்டு ஒருவர் விலகிப் போனார். வங்க மொழியில் அதற்குக் குடிகாரன் என்று பொருள் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டுவதில்லை. கள்ளைக் கையாலும் தொட்டறியாத மனிதர் அவர்!

இம்மயக்கத்திற்கு நோயின் பெயரும் ஒரு காரணம். 1817-இல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் ஆறு நோயாளரைப் பற்றி எழுதிய நூலில், நடுக்குவாதம் என்று பொருள்படும் பெயரையே இதற்கு இட்டார். அவ்வறுவருள் சிலரை அவர் தெருவில் கண்டே அறிந்தார். பின்னாளில் பாரிஸ் பேராசிரியர் ஷார்கோ, நோயாளர் எல்லோரும் நடுங்குவதில்லை என்று அப்பெயரை மறுத்து, பார்க்கின்சன் பெயரையே நோய்க்குச் சூட்டினார். நாமோ இன்னும் பழைய பெயரைப் பற்றிக்கொண்டு, நடுக்கமில்லையேல் நோயில்லை என்கிறோம்; நடுக்கம் கண்டாலோ இந்நோயே என்று அஞ்சுகிறோம். டம்ளரைத் தூக்கும்போது நடுங்கும் கை பெரும்பாலும் வேறுவகை நடுக்கம்; பல குடும்பங்களில் வழிவழியாக வருவது. இந்நோயின் நடுக்கம் கை ஓய்ந்திருக்கையில்தான் மிகும். தலைசுற்றலுக்கும் வாந்திக்கும் மாதக்கணக்கில் விழுங்கும் சில மாத்திரைகளாலும் இதே தோற்றம் உண்டாகும். மருத்துவர் அவற்றை நிறுத்தினால் பெரும்பாலோர்க்குத் தணியும். ஆதலின் மருத்துவரிடம் செல்லும்போது வீட்டிலுள்ள மாத்திரைகள் அனைத்தையும் பையிலிட்டுக் கொண்டு செல்லுங்கள்.

'வங்காளத்து ஈரக்காற்றால் வந்த வாதம், திருநெல்வேலிக்கே வந்துவிடுக' என்று உறவினர் எழுதினர். கொல்கத்தாவில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேரை வீடு வீடாகச் சென்று ஆராய்ந்து 2010-இல் வெளியிட்ட கணக்கின்படி, லட்சத்திற்குச் சுமார் 46 பேர்க்கே இந்நோய். பம்பாய்ப் பார்சிகளிடையே 1988-இல் வெளியான கணக்கோ 328. அச்சமூகத்தில் முதியோர் மிகுதி என்பதும் அதற்கு ஒரு காரணம். ஈரக்காற்றின்மேல் பழி போட இடமில்லை.

மருந்தின் கதை நம் இரு ஊர்களையும் தொட்டுச் செல்வது. 1931-இல் இக்கல்கத்தாவில் கணநாத் சேனும் கார்த்திக் சந்திர போஸும் சர்ப்பகந்தி வேர் இரத்தக் கொதிப்பைத் தணிக்கும் என்று எழுதினர். அவ்வேரிலிருந்து பின்னர் ரெசர்பின் என்னும் மருந்து எடுக்கப்பட்டது. ஸ்வீடன் நாட்டு அறிஞர் ஆர்விட் கார்ல்சன் அதனை முயல்களுக்குச் செலுத்த, அவை அசைவற்றுக் கிடந்தன. டோபா என்னும் பொருளைச் செலுத்தியதும் எழுந்து இயங்கின. அது 1957-இல். மூளையில் டோபமின் குறைந்தால் இயக்கம் முடங்கும் என்பது அதனால் தெளிவுற்றது. அந்த டோபாவைப் பூனைக்காலி விதையிலிருந்து சென்னைப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் தாமோதரன், இராமசாமி என்னும் இருவர் 1937-இலேயே பிரித்தெடுத்திருந்தனர்.

இதைக் கேட்டதும் உங்களுள் சிலர்க்குத் தோன்றுவது எங்களுக்கும் தோன்றியது. விதையே மருந்தாயின் மாத்திரை எதற்கு? ஊரிலிருந்து பூனைக்காலிச் சூரணம் வந்தது. மாத்திரையோடு அதையும் கொடுத்தோம், மருத்துவரிடம் சொல்லவில்லை. மூன்றாம் நாள் அண்ணாவின் கழுத்தும் தோளும் தாமே நெளிந்தாடத் தொடங்கின. டோபா அளவு மிஞ்சினால் நேர்வது அது. விதைக்கு விதை அதன் அளவு மாறுபடும். சூரணத்தில் எவ்வளவு உண்டென்று யார் அளந்தார்?

இதனினும் பெரிய பிழை முதலிலேயே செய்தோம். இம்மாத்திரையை இன்றே தொடங்கினால் நாளைக்குப் பயன் தராது என்று யாரோ சொன்னதை நம்பி, ஒன்றரை ஆண்டு தள்ளிப் போட்டோம். அவர் தாமே சட்டைப் பித்தான் மாட்டியிருக்கக்கூடிய ஒன்றரை ஆண்டு அது. மருந்து நோயைப் போக்காது, மெய்தான். இறந்துபட்ட உயிரணுக்கள் மீள்வதில்லை. எனினும் முடங்கிய மனிதனை எழுந்து நடக்க வைக்கிறது. திடீரென நிறுத்தினாலோ ஆபத்து. பருப்பும் தயிரும் கலந்த சாப்பாட்டுடன் விழுங்கினால் அதன் வேலை குன்றலாம். எங்கள் வீட்டில் சாப்பாட்டிற்கு அரைமணி முன்பே கொடுத்துவிடுகிறோம்.

கால் ஒட்டிக்கொள்வதற்கு வைத்தியம் கண்டவர் அண்ணியார். கோலமாவால் கூடத்தின் குறுக்கே ஓரடிக்கு ஒரு கோடு இழுத்தார். வெறுந்தரையில் நின்றுவிடும் கால், கோட்டைக் கண்டதும் தாண்டுகிறது. கண் வழிகாட்டக் கால் நடக்கும் இவ்வுத்தியை மருத்துவர்களும் கையாளுகின்றனர் என்று பின்னர் அறிந்தோம்.

என் பேச்சைக் கேட்டு அண்ணா சிரிக்கிறாரா என்று திரும்பிப் பார்க்கிறீர்கள். முகத்தில் தேடாதீர்கள், அவர் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார். இம்மண்டபத்து வாயிலில் வெள்ளைக் கோடுகளைக் கண்டு, கோலம் பாதியில் நின்றுவிட்டதோ என்று தாய்மார்கள் சிலர் கேட்டீர்கள். விழா முடிந்து அண்ணா வெளியே செல்லும் வரை அவற்றை மிதித்து அழித்துவிடாதிருக்க வேண்டுகிறேன்.