கோபுரம் எழும்ப முன்னமே கணக்கெடுப்போம்



1950இல் லக்சபான, 2012இல் 150 மெகாவாட் மேல் கொத்மலை. மலைநாட்டுத் தண்ணீரில் பிறந்த மின்சாரம் 132, 220 கிலோவோல்ட் கம்பிகளில் ஏறிக் கொழும்புவரை போகிறது. தேவை கூடக்கூடப் புதிய கம்பிகளும் வரும். அதை நாம் எதிர்க்கவில்லை.

ஆனால், நாம் குடியிருக்கும் காணிக்கு உறுதி நம் கையில் இல்லை. பேச்சு கம்பனியோடு மட்டும் முடிந்தால், லயனுக்குப் பின்னாலுள்ள நம் மரக்கறிப் பாத்திக்கு யார் நட்டஈடு கேட்பது? கம்பிக்குக் கீழே வீடு கட்டவோ உயர்ந்த மரம் வளர்க்கவோ முடியாது. தேயிலைச் செடியைப் பிடுங்கினால் வேலைநாளும் குறையும்.

ஆகவே, நிலம் அளக்க ஆள் வந்த அன்றே தோட்டக் கமிட்டி அங்கே நிற்கட்டும். யாருடைய பாத்தி, எத்தனை மரம், எந்த லயன் என்று எழுதிப் பிரதேச செயலகத்தில் கொடுப்போம். பிரதியில் முத்திரை வாங்கி வைப்போம்.

உறுதி இல்லாவிட்டாலும் உழைப்பு நம்முடையது. அதற்குரிய நட்டஈடு நம் கைக்கே வரவேண்டும்!