படிக்கிற பிள்ளையும் துண்டுக் கூலியும்

(மில் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் குடும்பங்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



காலேஜில் படிக்கும் நம் பிள்ளைகள் வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டரில் செய்கிற கூலி வேலையைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டுக் கொண்டிருக்கிறார்கள். இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பலருடைய வீட்டில் இது நடக்கிறது. அப்பன் முழு நைட் முடித்து விடியற்காலையில் வீடு திரும்புகிறார். மகன் அப்போதுதான் கம்ப்யூட்டரை மூடிவிட்டுத் தலையைச் சாய்க்கிறான். ஒன்பது மணிக்குக் காலேஜ் மணி அடித்துவிடும். "வெயிலில் காயாமல் உட்கார்ந்த இடத்தில் சம்பாதிக்கிறானே!" என்று நாமும் சந்தோஷப்படுகிறோம். சந்தோஷப்பட வேண்டியதுதானா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

முதலில் அந்த வேலை என்ன? 'ஃப்ரீலான்ஸ்' என்று அதற்குப் பெயர். எவனுக்கும் கட்டுப்படாத சுதந்திர வேலை என்று விளம்பரம் செய்கிறார்கள். படத்தில் மனிதன் எது, மோட்டார் எது என்று கோடு போட்டுக் காட்டுவது, பேச்சைக் கேட்டு எழுதுவது, மொழிபெயர்ப்பது, கடைக்குச் சின்னம் வரைவது, கெட்டிக்காரப் பிள்ளையாக இருந்தால் புரோகிராம் எழுதுவது. வேலை கொடுப்பவன் அமெரிக்காவில் இருப்பான், லண்டனில் இருப்பான். இருவருக்கும் நடுவில் ஒரு கம்பெனி உட்கார்ந்திருக்கிறது. அமேசான் கம்பெனியின் மெக்கானிக்கல் டர்க் 2005-ல் வந்தது. ஃபைவர் 2010-ல் வந்தது. அப்வொர்க் என்ற பெயர் 2015-ல் வந்தது. பெரும்பாலான வேலைக்கு மாதச் சம்பளமும் கிடையாது, நாள் சம்பளமும் கிடையாது. உருப்படிக்கு இவ்வளவு காசு, அவ்வளவுதான்.

இது நமக்குப் புதிதா? ஏக்கருக்கு இவ்வளவு என்று காண்ட்ராக்ட் பேசி நடவு நட்ட பெண்களைக் கேளுங்கள். யாரும் விரட்ட வேண்டியதில்லை. அவர்களே தங்களை விரட்டிக் கொள்வார்கள்; குழந்தை அழுதாலும் கரையேற மாட்டார்கள். துண்டுக் கூலியின் தந்திரமே இதுதான். மார்க்ஸ் 1867-ல் வெளியிட்ட 'மூலதனம்' நூலில் துண்டுக் கூலிக்கென்றே தனி அத்தியாயம் ஒதுக்கினார். மேற்பார்வைச் செலவு முதலாளிக்கு மிச்சமாகிறது, வேலை நேரத்தைத் தொழிலாளியே நீட்டிக் கொள்கிறான் என்று அதில் விளக்கினார். இன்றைக்குக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் பையனும் தன் வேலை நேரத்தைத் தானேதான் நீட்டிக் கொள்கிறான். மணிக் கூலி வேலை என்றாலோ மேஸ்திரி வேறு வேஷத்தில் வந்துவிடுகிறான். அப்வொர்க்கில் மணிக் கணக்கு வேலை செய்தால், பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை திரையைப் படம் பிடித்து வேலை கொடுத்தவனுக்குக் காட்டுகிற ஏற்பாடு இருக்கிறது. எந்த மில் மேஸ்திரியும் இத்தனை தடவை எட்டிப் பார்த்ததில்லை.

கமிஷனைப் பாருங்கள். ஃபைவரில் 1000 ரூபாய்க்கு வேலை செய்தால் 200 ரூபாய் கம்பெனிக்கு; பிள்ளைக்கு 800. அப்வொர்க்கில் வேலை கேட்டு மனுப் போடவே டோக்கன் வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் சொற்பம் தீர்ந்துவிட்டால் காசு கொடுத்து வாங்க வேண்டும். வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அந்தக் காசு போனது போனதுதான்.

1940-களில் தஞ்சைச் சீமையில் நம் தோழர்கள் கள்ள மரக்காலை எதிர்த்து, முத்திரை மரக்கால் கேட்டுப் போராடிய கதை உங்களுக்குத் தெரியும். இந்த வேலையிலும் ஒரு கள்ள மரக்கால் இருக்கிறது. சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 2021-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. இத்தகைய வேலை செய்கிறவர்கள் சராசரியாக வாரத்துக்கு 27 மணி நேரம் உழைக்கிறார்கள். அதில் மூன்றில் ஒரு பங்குக்குக் கூலியே கிடையாது என்று அது சொல்கிறது. வேலை தேடுவது, மனு எழுதுவது, மாதிரி செய்து காட்டுவது, பதிலுக்குக் காத்திருப்பது, இதற்கெல்லாம் யார் காசு கொடுக்கிறார்கள்? மூன்று மரக்கால் அளந்தால் இரண்டுக்குத்தான் கூலி!

அந்த அறிக்கை இன்னொன்றும் சொல்கிறது. கூலியில்லாத நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் சராசரி வருமானம் மணிக்கு 3.4 டாலர், ஆனால் பாதிப் பேருக்கு 2.1 டாலர்கூடத் தேறுவதில்லை. அன்றைய மதிப்பில் 3.4 டாலர் என்பது சுமார் 250 ரூபாய், 2.1 டாலர் சுமார் 155 ரூபாய். நாற்று நடுகிற தாய்க்கு இது பெரிய காசாகத்தான் தெரியும். இல்லையென்று நான் சொல்லவில்லை. அதனால்தான் பிள்ளை இழுக்கப்படுகிறான். ஆனால் இந்தக் கணக்கு உலகம் முழுவதற்கும் போட்டது. ஃப்ரீலான்ஸ் வேலையில் அதே மாதிரி வேலைக்கு, நம்மைப் போன்ற நாட்டுத் தொழிலாளி பணக்கார நாட்டுத் தொழிலாளியைவிட 60 சதவீதம் குறைவாகப் பெறுகிறான் என்பதும் அதே அறிக்கையில் இருக்கிறது. அதோடு, இந்த வாரம் வந்த வேலை அடுத்த வாரம் வரும் என்று எவனும் எழுதிக் கொடுப்பதில்லை.

இனி படிப்புக்கு வருவோம். நியூயார்க்கில் ஆபீஸ் திறக்கும் காலை 9 மணி நமக்கு மாலை 6.30 அல்லது 7.30. அவர்கள் ஆபீஸை மூடும்போது நமக்கு நள்ளிரவு தாண்டி 2.30, குளிர்காலத்தில் 3.30. அவர்கள் கேள்வி கேட்டால் பதில் சொல்ல இவன் விழித்திருக்க வேண்டும். ஆக, பகல் ஷிப்டு காலேஜ், முழு நைட் கம்ப்யூட்டர். மில்லில் இரண்டு ஷிப்டு தொடர்ந்து பார்த்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். மறுநாள் கண்ணும் கையும் எப்படி இருந்தன என்று நினைத்துப் பாருங்கள். அந்தக் கண்ணோடு கணக்குப் பாடம் ஏறுமா?

பொதுவாகக் காலேஜ்களில் 75 சதவீத வருகை வேண்டும். அண்ணா பல்கலைக் கழகத்துக் காலேஜ்களில் வருகை குறைந்தால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். வைத்திய காரணம் காட்டினால் சிறிது விட்டுக் கொடுப்பார்கள். அதற்கும் கீழே போனால் அந்த செமஸ்டரையே திரும்பப் படிக்க வேண்டும். இரவெல்லாம் விழித்துச் சம்பாதித்த காசு அந்த ஒரு செமஸ்டர் பீஸுக்கும் பஸ் காசுக்குமே போய்விடும். இதில் லாபம் யாருக்கு?

வெளிநாடுகள் என்ன செய்கின்றன தெரியுமா? பிரிட்டனில் பட்டப் படிப்புக்குப் போகும் வெளிநாட்டு மாணவன் பாடம் நடக்கும் காலத்தில் வாரம் 20 மணிக்கு மேல் வேலை செய்யக் கூடாது. ஃப்ரீலான்ஸ் மாதிரி சொந்தத் தொழில் செய்யவே கூடாது. ஆஸ்திரேலியா 2023 ஜூலையிலிருந்து இரண்டு வாரத்துக்கு 48 மணி என்று வைத்தது. கனடா 2024 நவம்பரில் காலேஜுக்கு வெளியே வாரம் 24 மணி என்று வைத்தது. மாணவன்மேல் உள்ள பாசத்தால் அந்த சர்க்கார்கள் இதைச் செய்யவில்லை. அவர்களுக்கு அவர்கள் காரணம். ஆனாலும் படிக்கிறவன் இவ்வளவுதான் தாங்குவான் என்பதற்கு அந்த எண்கள் ஓர் அளவுகோல். வாரம் 20 மணி என்பதே உச்ச வரம்பு. லாபரட்டரியும் பஸ் பயணமும் உள்ள பிள்ளைக்குப் பாடம் நடக்கும் காலத்தில் பத்து, பன்னிரண்டு மணிக்கு மேல் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். லீவில் கூடுதலாகச் செய்யட்டும். பரீட்சை மாதத்தில் ஒரு மணிகூட வேண்டாம்.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பையன் இரண்டு ஷிப்டு பார்க்கிறான் என்றால் மகள் மூன்று ஷிப்டு பார்க்கிறாள். காலேஜிலிருந்து வந்ததும் அடுப்படி, பாத்திரம், தம்பி தங்கை, பிறகு கம்ப்யூட்டர், அதற்கும் பிறகுதான் பாடப் புத்தகம். "வீட்டுக்குள்ளே பத்திரமாக இருந்து சம்பாதிக்கிறாள்" என்று பெருமையாகச் சொல்கிறோம். திருநெல்வேலிப் பக்கத்தில் பீடி சுற்றும் பெண்களைப் பற்றியும் இப்படித்தான் சொன்னார்கள்.

அந்தப் பீடித் தொழிலாளர் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இன்றைய விஷயத்துக்கு அதுதான் முக்கியம்.

பீடித் தொழிலாளி வீட்டில் உட்கார்ந்து சுற்றுவாள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு கூலி. கொண்டுபோய்க் கொடுத்தால் கழிவு என்று ஒரு குவியலைத் தள்ளுவார்கள். அதற்குக் கூலி இல்லை. மெக்கானிக்கல் டர்க்கில் இன்றைக்கு நடப்பதும் இதேதான். செய்த வேலையைப் பிடிக்கவில்லை என்று நிராகரித்துவிட்டால் கூலி இல்லை. ஆனால் செய்த வேலை அவன் கையில்தான் இருக்கும்! பீடிக் கழிவைப் பற்றிப் பேசுவதற்கு ஒரு சட்டம் வந்தது. 1966-ல் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டில் வேலை செய்கிறவரையும் தொழிலாளி என்று ஒப்புக் கொண்டது. கழித்துத் தள்ளிய பீடிக்குக் கூலி பற்றித் தகராறு வந்தால் அதைத் தீர்க்கவும் வழி சொன்னது. முதலாளிகள் சும்மா இருந்தார்களா? கோர்ட்டுக்குப் போனார்கள். 1974-ல் சுப்ரீம் கோர்ட் அந்தச் சட்டம் செல்லும் என்றது. பிறகு பிராவிடண்ட் ஃபண்டு விஷயத்தில் மறுபடியும் போனார்கள். "எங்கள் கூரையின் கீழ் வேலை செய்யவில்லை, நாங்கள் மேற்பார்வை செய்யவில்லை, ஆகவே அவர்கள் எங்கள் தொழிலாளிகளே அல்ல" என்று வாதாடினார்கள். 1985-ல் சுப்ரீம் கோர்ட் அதை ஏற்கவில்லை. சரியில்லை என்று பீடியைக் கழித்துத் தள்ளுகிற அதிகாரம் உன் கையில் இருக்கிறதே, அதுவே மேற்பார்வைதான் என்று தீர்ப்புச் சொன்னது.

அந்த நியாயத்தைக் கம்ப்யூட்டர் கூலிக்குப் பொருத்திப் பாருங்கள். நிராகரிக்கும் அதிகாரம் இருக்கிறது. திரையைப் படம் பிடிக்கும் அதிகாரமும் இருக்கிறது. ஆனால் 2020-ல் நிறைவேறி 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு என்ன சொல்கிறது? இப்படிப்பட்ட மேடை வேலை, முதலாளி-தொழிலாளி உறவுக்கு வெளியே நடப்பது என்று இலக்கணமே எழுதி வைத்திருக்கிறது. கம்பெனிகள் வருஷ வரவில் 1 முதல் 2 சதவீதம் நல நிதிக்குத் தர வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. அதை ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டியதில்லை. ஆனால் கடலுக்கு அப்பால் உட்கார்ந்திருக்கும் கம்பெனியிடம் யார் வசூலிப்பது? நிராகரித்த வேலைக்குக் கூலி கேட்டு எந்த ஆபீஸர் முன்னால் போய் நிற்பது? 1966-ன் அந்தப் பீடிச் சட்டமும் இந்தத் தொகுப்புகளோடு கரைக்கப்பட்டுவிட்டது என்பதையும் ஞாபகத்தில் வையுங்கள்.

அப்படியானால் பிள்ளை வேலை செய்யவே கூடாதா? வீட்டில் நெல் இல்லாதபோது "படி, படி" என்று உபதேசம் செய்ய எனக்கு வாய் வராது. ஆனால் இரவை விற்பதற்கு முன்னால், கிடைக்க வேண்டியதை வாங்கியாகிவிட்டதா என்று பாருங்கள். முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகை கேட்டாகிவிட்டதா? தாழ்த்தப்பட்ட குடும்பம் என்றால் கல்வி உதவித் தொகைக்கு மனுப் போட்டாகிவிட்டதா? அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு மாதம் 1000 ரூபாய் என்று புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரிலும், தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டிலும் தொடங்கினார்களே, அதில் பெயர் இருக்கிறதா? சான்றிதழ் வாங்கத் தாலுகா ஆபீஸுக்கு நடக்க வேண்டியது நம் வேலை, பிள்ளையின் வேலை அல்ல.

வேலையிலும் தரம் பார்க்க வேண்டும். இரண்டு நாளில் கற்றுக் கொள்ளும் வேலையை எந்த யந்திரமும் இரண்டு நாளில் பறித்துக் கொள்ளும். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு சில்லறை எழுத்து வேலைகள் குறைந்து போனதை நம் பிள்ளைகளே சொல்கிறார்கள். படிக்கிற பாடத்தோடு ஒட்டிய வேலையாக இருந்தால் நேரம் பாதியாவது படிப்பில் சேரும். முன்பணம் கட்டச் சொல்கிறவன், 'டேட்டா என்ட்ரி' கொடுத்துவிட்டுத் தப்பு இருக்கிறது, அபராதம் கட்டு, இல்லாவிட்டால் கேஸ் என்று மிரட்டுகிறவன், பாங்கிக் கணக்கை வாடகைக்குக் கேட்கிறவன், இவர்கள் எல்லாம் மோசடிக்காரர்கள். மிரட்டல் வந்தால் பிள்ளை பயந்து மறைப்பான். திட்டாமல் கேளுங்கள்; உடனே போலீசில் எழுதிக் கொடுங்கள்.

கடைசியாக ஒரு ஏற்பாடு. ஒவ்வொரு பிள்ளையும் ஒரு நோட்டுப் போடட்டும். எத்தனை மணிக்கு உட்கார்ந்தான், எத்தனை மணிக்கு எழுந்தான், அதில் கூலி உள்ள நேரம் எவ்வளவு, இல்லாத நேரம் எவ்வளவு, கமிஷன் போகக் கைக்கு வந்தது எவ்வளவு, எந்த வகுப்புக்குப் போகவில்லை, எல்லாம் அதில் இருக்கட்டும். ஒரு மாதம் எழுதினால் போதும். கூலி தராமல் ஏமாற்றியவன் யார் என்பதையும் எழுதட்டும். இவனை ஏமாற்றியவன் அடுத்த தெருப் பிள்ளையையும் ஏமாற்றாமல் இருக்க அது உதவும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சங்க ஆபீஸ் மாடி காலியாகத்தான் இருக்கிறது. அடுத்த மாதம் முதல் ஞாயிறு ஐந்து மணிக்கு, நோட்டோடு அவர்களை அங்கே அனுப்பி வையுங்கள். மகள்களையும் சேர்த்து அனுப்புங்கள். அன்றைக்கு ஒரு பொழுது அடுப்படியை நீங்கள் பார்த்துக் கொள்ளலாம்.