ஒளி சொல்லும் தூரம்



புளியந்தீவுக் கோட்டையின் மதிலருகே நின்று வாவியை நோக்குங்கள். எதிர்க்கரைத் தென்னை எத்தனை யார் தூரத்தில் நிற்கிறது? பத்துப் பேரைக் கேட்டால் பத்துக் கணக்கு வரும். பெரும்பாலோர் குறைத்தே சொல்வர். இடையில் மரமோ மனையோ இல்லாத நீர்ப்பரப்பு கண்ணை ஏமாற்றிவிடுகிறது. வேட்டைக்காரன் இவ்விதம் ஏமாந்தால், குண்டு தாழ்ந்து பாயும். விலங்கு உடனே சாகாமல் காயத்தோடு புதருள் மறைந்து துடிக்கும்.

இக்கொடுமையைத் தவிர்க்கவே மேனாட்டு வேட்டையாளர் லேசர் தூரமானியைக் கையாளுகின்றனர். நம் நாட்டில் 1937ஆம் ஆண்டிலேயே வனவிலங்குகளைக் காக்கச் சட்டம் வந்துவிட்டது. ஆகவே யான் இங்கே பேச வந்தது துப்பாக்கியைப் பற்றியன்று, கருவியைப் பற்றியே.

1960ஆம் ஆண்டில் தியோடர் மைமன் முதல் லேசரை ஒளிரச் செய்தார். அதன் வழிவந்த தூரமானி, கண்ணுக்குப் புலனாகாத ஒளித் துடிப்பொன்றை ஏவி, அது பட்டுத் திரும்பும் நேரத்தைக் கணிக்கிறது. 150 மீட்டர் சென்று மீள ஒளிக்கு ஒரு விநாடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கே போதும். கணக்கில் பிழையில்லை. ஆனால் திரும்பி வந்த ஒளி எதன்மேல் பட்டு வந்தது? வானிலை குழப்பம் விளைப்பது இவ்விடத்திலேதான்.

மாரி மழையைவிட மூடுபனியே பொல்லாதது என்றால் வியப்பீர்கள். மழைத்துளி பெரிது, ஆயினும் துளிகளுக்கிடையே வெளியுண்டு. மூடுபனியிலோ, ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்களவான நுண்துளிகள் எண்ணிறந்து நெருங்கி நின்று ஒளியைச் சிதறடிக்கின்றன. கருவி வாளாவிருக்கும், அல்லது பனியையே இலக்கென்று கருதிச் சிறிய எண்ணொன்றைக் காட்டும். மழையில் இதற்கோர் உபாயம் உண்டு: சில கருவிகளில், முதலில் மீளும் ஒளியை விடுத்து இறுதியில் மீள்வதைக் கொள்ளுமாறு அமைக்கலாம். முன்னே நிற்கும் நாணற்புல்லுக்கும் இதுவே மருந்து.

கருவிகளுள்ளும் வேற்றுமையுண்டு. 905 நானோமீட்டர் அலைநீள ஒளியைவிட 1,550 நானோமீட்டர் ஒளி கண்ணின் உட்திரையை எட்டாது. ஆதலால் அதை வலுவாக ஏவலாம், மெல்லிய புகாரிலும் அது சற்றுத் தூரம் செல்லும். எனினும் நீர் அதனை விழுங்கிவிடும். நனைந்த எருமைத் தோலிலிருந்து மிகக் குறைவாகவே மீளும். அடர்ந்த மூடுபனியில் இரண்டும் ஒன்றே.

கச்சான் வீசும் நண்பகலில் கானல் நெளியும். தூரக்கணக்கு அதனால் கெடுவதில்லை. குறிபார்க்கும் கண்ணே தடுமாறும். கடும் வெயிலும் திரும்பும் ஒளியை மறைத்து, கருவியின் எட்டும் தூரத்தைக் குறைக்கும்.

ஒரு கருவி வாங்கியவர், தூரம் தெரிந்த வெள்ளைச் சுவரொன்றையும் கரிய மரமொன்றையும் விடியலில், வெயிலில், மழையில் அளந்து ஏட்டிலே குறித்து வைப்பாராக. மூடுபனிக்கென விட்ட பக்கம் பெரும்பாலும் வெறுமையாகவே இருக்கும்.