உவர்க்காற்றும் கம்பி வேலியும்

வேலி என்றவுடன் நம்மவர்க்கு முதலில் நினைவுக்கு வருவது எல்லைச் சண்டை. ஒரு கதியால் இரவோடிரவாக ஓர் அடி நகர்ந்துவிட்டது என்பதற்காக இரண்டு தலைமுறையாக நீதிமன்றப் படி ஏறி இறங்கிய குடும்பங்கள் நம் ஊர்களில் உண்டு. இன்று நான் பேச எடுத்துக்கொண்டது அந்த வழக்கன்று. வேலிக்கும் அயலவர்க்கும் நடக்கும் வழக்கைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, வேலிக்கும் கடலுக்கும் நடக்கும் வழக்கைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன். அதைக் கண்ணாரக் காண்பதற்குக் கற்பிட்டியிலும் ஏற்ற இடம் இலங்கையிற் சிலவே.

கற்பிட்டி நிலப்பரப்பை ஒரு நீண்ட மணல் நாக்கு என்று சொல்லலாம். பாலாவியிலிருந்து நுரைச்சோலை, ஆலங்குடா வழியாக வடக்கே செல்லும் ஒருவருக்கு இடப்புறம் பெருங்கடல். வலப்புறம் புத்தளம் களப்பு. இவ்விரு நீர்களுக்கும் நடுவே தென்னந்தோப்புகளும், வெங்காயமும் மிளகாயும் விளையும் மணல் தோட்டங்களும், மீனவர் வாடிகளும், வீடுகளும் நெருங்கிக் கிடக்கின்றன. இந்நிலத்தில் முன்னாளில் இரண்டு வகை அடைப்புகள் இருந்தன. வசதியுள்ளோர் முருகைக்கல்லால் மதில் எழுப்பினர். ஒல்லாந்தர் 1667ஆம் ஆண்டில் தொடங்கி 1676இல் முடித்த கற்பிட்டிக் கோட்டையிலும் அந்த முருகைக்கல்லையே காண்கிறோம். ஏனையோர் பூவரசையும் கிளுவையையும் கதியாலாக நட்டுக் கிடுகால் அடைத்தனர். முருகைக்கல் மதிலுக்கு இன்று வழியில்லை. கரையோர வலயத்தில் முருகைக்கல் அகழ்வதை 1988ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் தடுத்துவிட்டது, தடுத்தது நன்றே. கிடுகு இன்னும் உண்டு. ஆனால் அது ஓரிரு ஆண்டிற் சிதைந்துபோகும். ஓலை பின்னுவோரும் குறைந்து வருகின்றனர். ஆதலின் வீடு கட்டுவோர் பலர் கம்பி வலையை நாடுகின்றனர். கடையில் 'செயின் லிங்க்' என்று கேட்டால் சுருட்டிக் கட்டித் தருகிறார்களே, அந்த வலைதான்.

கம்பியை நூல்போற் பின்னும் எண்ணம் துணி நெய்யும் ஊரிலேதான் பிறந்தது. இங்கிலாந்தில் நார்விச் என்னும் நகரம் நெசவுக்குப் பேர்போனது. அங்கே சார்ள்ஸ் பார்னாட் என்பவர் 1844ஆம் ஆண்டளவில், தறியைப் பார்த்துக் கம்பி வலை பின்னும் இயந்திரம் ஒன்றை அமைத்தார். நாம் இன்று வாங்கும் வலையில் ஒவ்வொரு கம்பியும் சுருள் சுருளாக வளைந்து, பக்கத்துக் கம்பியோடு கோத்து நிற்கிறது. இதனால் ஒரு பெரிய நன்மை உண்டு. ஓர் இழை துருப்பிடித்து அற்றுப்போனால் வலை முழுவதையும் எறிய வேண்டியதில்லை. அந்த ஓர் இழையைத் திருகிக் கழற்றிவிட்டு, அதே அளவான புதிய இழையைத் திருகி ஏற்றிவிடலாம். இது தெரியாமல் முழு வலையையும் பழைய இரும்புக்காரருக்குப் போடுவோர் பலர்.

இனிக் காற்றுக்கு வருவோம். மே மாதம் தொடங்கிச் செப்டெம்பர் வரை கற்பிட்டியிற் சோளகம் இடைவிடாது வீசுகிறது. மாம்புரியில் 2010ஆம் ஆண்டிற் காற்றாலைகள் எழுந்ததும், பட்டத்தைப் பிடித்துக்கொண்டு அலைமேற் சறுக்கும் வெளிநாட்டார் இங்கே தேடி வருவதும் அந்தக் காற்றை நம்பித்தான். இத்தகைய காற்றுக்கு எதிரே தகரத்தை நிறுத்துவது பாய்மரத்தை விரித்து நிலத்தில் நடுவது போலாகும். மதில் விழாமல் நின்றாலும், அதன் மேலாகப் பாய்ந்த காற்று மறுபுறம் சுழன்று இறங்கி மணலை முற்றத்திற் கொட்டும். கம்பி வலையோ காற்றுக்கு வழிவிட்டு நிற்கிறது. அதனால் அதன் கால்களுக்குப் பாரமில்லை. எனினும், வெளியார் கண் படாதிருக்க வேண்டுமென்று அதே வலையிற் கிடுகையோ பச்சைத் துணியையோ நெருங்கக் கட்டிவிட்டால் அதுவும் பாய்மரமாகிவிடும். மறைப்பு வேண்டுவோர் கால்களை அதற்கேற்பத் தடிப்பாகவும் ஆழமாகவும் முதலிலேயே நடவேண்டும்.

காற்று வேலியைச் சாய்க்கும். அதைத் தின்பது உப்பு. அலை உடையும்போது எழும் நுண்ணிய நீர்த்துளிகளைச் சோளகம் சுமந்துவந்து கம்பியிற் படியவைக்கிறது. தென்மேற்கு இலங்கையிலும் இதே காற்று வீசுகிறதே, அங்கே கம்பி இவ்வளவு விரைவில் அழியக் காணோமே என்று கேட்கலாம். காலியிலும் களுத்துறையிலும் சோளகம் மழையோடு வருகிறது. படிந்த உப்பை மழையே கழுவிவிடுகிறது. கற்பிட்டி வறண்ட வலயம். அங்கே சோளகம் உப்பை மட்டும் கொண்டு வருகிறது; மழை ஒக்டோபர் நவம்பரில்தான் வருகிறது. அந்த இடைப்பட்ட மாதங்கள் முழுவதும் உப்பு கம்பியின் மேலேயே உட்கார்ந்து, இரவின் ஈரத்திற் கரைந்து, பகலிற் காய்ந்து, மறுபடியும் இரவிற் கரைந்து வேலை செய்கிறது. ஆகவே, கிணற்றில் நல்ல நீர் உள்ளவர்கள் சோளகக் காலத்தில் மாதம் ஒரு முறையாவது கடற்பக்கத்து வேலிக்கு நீர் இறைத்துக் கழுவுவது வீண்வேலையன்று. நல்ல நீர் என்று அழுத்திச் சொல்கிறேன். உவர்நீரால் கழுவுவதிலும் கழுவாது விடுவதே மேல். கற்பிட்டியில் நன்னீர் என்பது மணலுக்கடியில் உவர்நீரின் மேல் மிதக்கும் மெல்லிய படலம் என்பதையும், அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அதுவும் உவராகும் என்பதையும் அங்குள்ள தோட்டக்காரர் எவரும் சொல்லுவர்.

கம்பியின் ஆயுளைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். இரும்புக் கம்பிக்கு மேலே நாகம், அதாவது துத்தநாகம், பூசப்பட்டிருக்கிறது. நாகம் இரும்புக்கு வெறும் போர்வையாக நிற்பதில்லை. கீறல் விழுந்து இரும்பு வெளிப்பட்டாலும், பக்கத்திலுள்ள நாகம் முதலில் தான் கரைந்து இரும்பைக் காப்பாற்றுகிறது. நாகம் தீர்ந்த பிறகே இரும்பின் முறை வரும். ஆகவே கடைக்காரரிடம் நாம் விலைகொடுத்து வாங்குவது உண்மையில் நாகத்தையே; எத்தனை ஆண்டு நாகம் என்பதுதான் கேள்வி. ஒரு சதுர மீற்றர் கம்பிப் பரப்பில் 70 கிராம் நாகம் இருந்தால் பூச்சின் தடிப்பு 10 மைக்கிரோன். தலைமயிர் ஒன்றின் தடிப்பில் ஏழில் ஒரு பங்கு எனலாம். அரிப்பு மிகுந்த கடலோரங்களுக்குச் சர்வதேசத் தராதர நிறுவனம் வகுத்த கணக்கின்படி, ஆண்டொன்றுக்கு 4 முதல் 8 மைக்கிரோன் வரை நாகம் கரையும். அப்படியானால் இந்த மெல்லிய பூச்சு இரண்டாவது சோளகத்தையோ மூன்றாவது சோளகத்தையோ தாண்டாது. 350 கிராம் பூசிய கம்பியில் தடிப்பு 50 மைக்கிரோன். அது 6 முதல் 12 ஆண்டு வரை நிற்கும். இரண்டும் புதிதாக இருக்கும்போது ஒன்றுபோலவே பளபளக்கும். வாங்குவோர் கம்பியின் இலக்கத்தை மட்டும் கேட்கிறார்கள். 14ஆம் இலக்கம் 10ஆம் இலக்கத்திலும் மெல்லியது, இலக்கம் கூடக் கம்பி மெலியும் என்பது பலருக்குத் தெரியும். நாகம் எத்தனை கிராம் என்று கேட்பவர் அரிது. கேட்டால் கடைக்காரர் சற்று விழிப்பார். விழித்தாலும் கேட்கத்தான் வேண்டும். பிளாஸ்டிக் உறையிட்ட கம்பி நல்லதே. ஆனால் உறை வெடித்த இடத்தில் உவர்நீர் உள்ளே புகுந்தால், வெளியே தெரியாமலே கம்பி அரிபட்டுப் போகும்.

களப்புப் பக்கத்து வீட்டாருக்கு இவ்வளவு அச்சம் வேண்டியதில்லை. களப்பு நீரும் உவர்தான். ஆனால் அங்கே உடையும் பேரலை இல்லாததால், காற்றிற் பறக்கும் துளியும் குறைவு. ஒரே ஊரில் மேற்குக் கரையாருக்கு ஒரு வேலி, கிழக்குக் கரையாருக்கு வேறொரு வேலி என்பது விசித்திரமாகத் தோன்றலாம். இருந்தாலும் கணக்கு அப்படித்தான் சொல்கிறது.

கால்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மணலில் இரண்டடி ஆழம் போதாது. இரண்டரை அடி தோண்டி, அடியை அகலமாக்கிக் கொங்கிறீற்று இட வேண்டும். மூலைக் கால்களுக்கு முட்டுக்கால் இன்றியமையாதது. வலையை இழுத்துக் கட்டும் விசை முழுவதும் அவற்றின் மீதே விழுகிறது. கொங்கிறீற்றுக் கால் வார்ப்போர் கடல் மணலையும் உவர்நீரையும் சேர்த்தால், உள்ளிருக்கும் இரும்பு துருப்பிடித்துப் பெருத்துக் காலையே பிளந்துவிடும். இத்தனை செலவும் செய்தபின், வலையைக் காலோடு பிணைப்பதற்குக் கூரை வேலையில் மிஞ்சிய கறுப்புக் கட்டுக்கம்பியை எடுத்துச் சுற்றுவது நம்மவர் வழக்கம். அதற்கு நாகப்பூச்சே கிடையாது. வலை நிற்கும்; கட்டு அறும். வலையின் கீழோரத்தை மணலிற் புதைக்காமல் இரண்டங்குலம் தூக்கி விடுவதும் நல்லது. அந்த இடைவெளியில் ஆடு நுழையாது. கட்டாக்காலி மாடும், கற்பிட்டியிற் சுற்றித் திரியும் கழுதையும் நுழையா என்று சொல்லத் தேவையில்லை.

கம்பி வேலி போட்டவர்கள் பழைய கதியால்களைப் பிடுங்கி எறிவதை நான் விரும்பவில்லை. பூவரசும் சீமைக்கிளுவையும் வலைக்கு உட்புறம் மூன்றடி தள்ளி நிற்குமானால் காற்றின் வேகத்தைத் தணிக்கும். ஆட்டுக்குக் குழை தரும். கம்பி அழிந்த அன்று வேலியாகவும் நிற்கும். கடலுக்கு நேரே தாழையையும் அடம்பன்கொடியையும் அப்படியே விட்டுவிட வேண்டும். வீட்டு முற்றத்துக்கு வரவேண்டிய மணலை அவையே வழியிற் பிடித்து வைக்கின்றன.

வேலி ஒன்றின் பொருள் எல்லோருக்கும் ஒன்றாக இருப்பதில்லை. 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களிற் பெருந்தொகையினர் புத்தளம் மாவட்டத்திலே தஞ்சம் புகுந்தனர். கற்பிட்டிப் பகுதியிலும் கிடுகுக் குடிசைகள் நெருங்கி எழுந்தன. காணி, வீடு, கிணறு யாவும் விட்டு வந்தவர்க்கு, இது எம்முடைய இடம் என்று நான்கு கதியால் நடுவது ஆறுதலான காரியம். அவ்வாறு பல ஆண்டு கழித்துச் சொந்தக் காணி வாங்கிக் கம்பி அடிப்பவரிடம் வேலி எதற்கு என்று கேட்பது நியாயமன்று.

மறுபுறம், கடற்கரையை நெடுக அடைக்கும் வேலியும் உண்டு. சுற்றுலா விடுதிகளுக்கெனக் கற்பிட்டிக் கரையிலும் தீவுகளிலும் காணிகள் ஒதுக்கப்பட்ட காலத்தில், கடலுக்குப் போகும் பழைய வழிகள் அடைபடுகின்றன என்று மீனவர் முறையிட்டனர். கரைவலை இழுப்பவருக்குக் கரை வேண்டும். கயிற்றைப் பிடித்துப் பின்னடக்க இடம் வேண்டும். மீன்கூடையோடு தெருவுக்கு வர ஒரு நடைவழி வேண்டும். இவற்றிற்குப் பெரும்பாலும் உறுதி எழுதிய பத்திரம் இராது. பாட்டன் நடந்த தடமே பத்திரம். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணற் சட்டம், சராசரி உயர்நீர் மட்டத்திலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றர் வரையுள்ள பரப்பைக் கரையோர வலயம் என்று வகுத்திருக்கிறது. அதற்குள் அபிவிருத்தி வேலை செய்வோர் அனுமதி பெற வேண்டும். ஆகவே கம்பிச் சுருளை வாங்குவதற்கு முன்னரே, கரையோரம் பேணல் மற்றும் கரையோர மூலவள முகாமைத்துவத் திணைக்களத்திலும் பிரதேச செயலகத்திலும் எல்லையைக் கேட்டு அறிந்துகொள்ள வேண்டும். கேட்ட பின்னும் ஒரு வேலை மிஞ்சியிருக்கிறது. கடற்பக்கத்திற் படலை வைப்போர், அதற்குப் பூட்டு வாங்குமுன், விடியற்காலையில் அவ்வழியே யார் யார் வலையோடும் துடுப்போடும் போய்வருகிறார்கள் என்று ஒரு வாரம் பார்த்துக்கொள்வது நன்று.