அந்தக் கவரைப் பிரிக்காதீர்கள்

நடுவர் அவர்களே, எதிரணித் தோழர் ‘ஒழுக்கம்’ என்ற சொல்லை மூச்சுக்கு மூச்சு சொன்னார். ‘விசாரணை’ என்ற சொல்லை ஒருமுறைகூடச் சொல்லவில்லை. பிரிந்துபோன கணவரோ மனைவியோ காதலரோ, ஒருவருடைய அந்தரங்கத்தை ஒரு கவருக்குள் மூட்டை கட்டி அவர் வேலை பார்க்கும் இடத்துக்கு அனுப்புகிறார். நிர்வாகம் படிக்கிறது, வேலை போகிறது. இது தகுமா என்றால், தகாது என்கிறது எங்கள் அணி. அந்தக் கவரைப் பிரித்துத் தண்டனை கொடுக்கும் நிர்வாகம், தனக்குச் சம்பந்தமே இல்லாத சண்டையில் ஒரு தரப்புக்கு அடியாளாகப் போகிறது.

கவருக்குள் என்ன இருக்கும்? வாட்ஸாப் ஸ்கிரீன்ஷாட்டுகள். ஏ4 தாளில் பிரிண்ட் போட்டு, வேண்டிய வரிக்கு மட்டும் மஞ்சள் ஹைலைட்டர் தீட்டியிருக்கும். அதற்கு முந்தைய வரி நறுக்கப்பட்டிருக்கும். இதையே நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனால் பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவுப்படி சான்றிதழ் கேட்பார்கள். கொடுத்தவரைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்வார்கள். எச்.ஆர். அறையில் அதெல்லாம் கிடையாது. “நீங்களே ராஜினாமா எழுதிக் கொடுத்துடுங்க, எக்ஸ்பீரியன்ஸ் லெட்டராவது கிடைக்கும்” என்ற ஒற்றை வாக்கியத்தில் காரியம் முடிந்துவிடும். அரசு அலுவலகத்திலாவது 17(ஆ) விதிப்படி குற்றச்சாட்டுக் குறிப்பாணை, விளக்கம், விசாரணை அதிகாரி என்று படிகள் உண்டு. மொட்டைக் கடுதாசி மீது நடவடிக்கை கூடாது என்று மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் 1999-லேயே சுற்றறிக்கை விட்டது. இது கையெழுத்துப் போட்ட கடுதாசி ஆயிற்றே என்பார்கள். போடட்டுமே! மொட்டைக் கடுதாசி எழுதியவருக்கு என்ன பகை என்று நமக்குத் தெரியாது. இங்கே பகை கையெழுத்தோடு வந்து நிற்கிறது. உறவு இனித்த நாளில் இவருக்கு உறுத்தாத ஒழுக்கம், பிரிந்த பிறகு ஏன் உறுத்துகிறது என்று முதலில் கேட்க வேண்டாமா?

சட்டமும் எங்கள் பக்கம் பேசுகிறது. கிளாக்ஸோ என்ற தனியார் மருந்து நிறுவனத்தின் வழக்கில் 1983-ல் உச்ச நீதிமன்றம், நிலையாணையில் எழுதியதைத் தாண்டித் தொழிற்சாலைக்கு வெளியே நடப்பதற்கெல்லாம் ‘ஒழுங்கீனம்’ என்ற சொல்லை இழுக்கக் கூடாது என்றது. 2017-ல் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றார்கள். 2018-ல் மணவுறவு மீறல் குற்றம் என்ற இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 497-வது பிரிவே போய்விட்டது. நாடு குற்றம் இல்லை என்று கைவிட்டதைப் பிடித்துக்கொண்டு தொங்க கம்பெனிக்கு என்ன அவசரம்? குஜராத்தில் கைம்பெண் ஒருவரோடு உறவு வைத்திருந்தார் என்று ஒரு காவலரை வேலையை விட்டு நீக்கினார்கள். புகார் கொடுத்தது அந்தப் பெண்ணின் குடும்பம். அது தனிவாழ்க்கை, பணி ஒழுங்கீனம் ஆகாது என்று 2022-ல் உயர் நீதிமன்றம் நீக்கத்தை ரத்து செய்தது. எல்லோருக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை. அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தின் மராத்திப் பேராசிரியர் சிராஸ் வீட்டுக்குள் 2010 பிப்ரவரியில் கேமராவோடு ஆட்கள் புகுந்தார்கள். புகுந்தவர்கள் பழைய துணை இல்லை, வெளியாட்கள். ஆனால் நிர்வாகம் செய்த வேலை அதேதான். படுக்கையறைக் காட்சியை வைத்து அவரைப் பணியிடை நீக்கம் செய்தார்கள். ஏப்ரல் 1-ல் அலகாபாத் உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. ஏப்ரல் 7-ல் அவர் அறையில் பிணமாகக் கிடந்தார்.

எதிரணி எழுப்பிய கேள்விகளில் ஒன்று கனமானது. அடிபட்ட மனைவி புகார் கொடுத்தாலும் வாயை மூடச் சொல்வீர்களா என்றார்கள். ஒருநாளும் மாட்டோம். அடி அந்தரங்கம் இல்லை, குற்றம். அதற்குக் காவல் நிலையம் இருக்கிறது, 2005-ம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. மத்திய அரசு ஊழியர் 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்தாலே இடைநீக்கம் ஆனதாகத்தான் விதி. மாணவியிடம் அத்துமீறிய ஆசிரியரும் எங்கள் கட்சிக்காரர் இல்லை. அது பணியிடத்துக் குற்றம். ராணுவத்தைச் சொன்னார்கள். 497 தீர்ப்பு ராணுவ ஒழுங்கு நடவடிக்கையைத் தடுக்காது என்று 2023-ல் உச்ச நீதிமன்றமே விளக்கியது உண்மைதான். ஆனால் அங்கே நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் இருக்கிறது, சேரும்போதே தெரியும். கம்பெனி பேர் கெட்டுவிடும் என்ற வாதத்துக்கு அதிக நேரம் தேவையில்லை. கவரை மேசை மேசையாகச் சுற்றவிட்டவர்கள் அதைப் பேசக் கூடாது.

கடைசியாக ஒரு கணக்கு. ஜீவனாம்சம் எங்கிருந்து வருகிறது? சம்பளத்திலிருந்து. 2020-ல் ரஜ்னேஷ் என்பவரின் ஜீவனாம்ச வழக்கில் உச்ச நீதிமன்றம் இரு தரப்பும் வருமானத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்யச் சொன்னது. வேலையைப் பிடுங்கிவிட்டால் அந்தப் பத்திரத்தில் என்ன எழுதுவது? பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தை எச்.ஆர். மேலாளரா கட்டுவார்? குடும்ப நீதிமன்றம் தீர்க்க வேண்டிய வழக்கை அலுவலகம் தீர்த்துவைக்கப் போனால், கவரை அனுப்பியவருக்கும் சேர்த்தே சோறு போய்விடும். ஆகவே நடுவர் அவர்களே, கவரை அனுப்பியவருக்கே திருப்பி அனுப்பும்படி தீர்ப்புச் சொல்லுங்கள்.